சிப்பிப்பாறை நாயும் பூனைக்குட்டியும்: வழி சொல்லுங்கள்

வணக்கம். செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறோம். எங்கள் சிப்பிப்பாறை நாய் மணிக்கு 4 வயது. போன வாரம் மழையில் நனைந்து கிடந்த 2 மாதப் பூனைக்குட்டியை மகள் தூக்கி வந்துவிட்டாள். முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம் அல்லவா, குட்டி ஓடினாலே மணி பாய்கிறான். அதனால் இப்போது குட்டி தனி அறையில். இரண்டும் படுக்கும் துணியை மாற்றி மாற்றிப் போட்டு வாசனை பழக்குகிறேன். கதவிடுக்கில் மோந்து பார்த்து மணி வாலாட்டுகிறான். அது நட்பா, வேட்டை ஆசையா என்று தெரியவில்லை. குட்டியோ வாலை விசிறிச் சீறுகிறது, பாவம். சங்கிலியில் பிடித்தபடி எப்போது நேரில் காட்டலாம்? வேட்டை நாயோடு பூனை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். குட்டியை வெளியே விட மனசே வரவில்லை.