மார்க்கம் வீட்டுப் பின்வளவு: டெக்கா, இன்டர்லாக் கல்லா?

வணக்கம். கனடாவில், ஒன்டாரியோவின் மார்க்கம் நகரில் எங்கள் வீடு. சமையலறைப் பின்கதவு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் திறக்கிறது. இறங்க ஆட்டம் காணும் மூன்று மரப்படிகள்தான். அந்தப் பக்கம் 12க்கு 16 அடியில் உட்கார ஓர் இடம் வேண்டும். மரத்தில் டெக் (உயர்த்திய மேடை) அடிப்பதா, தரையோடு இன்டர்லாக் கல் (ஒன்றோடொன்று பொருத்திப் பதிக்கும் கல்) பதித்து பேட்டியோ (கல் முற்றம்) போடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

2023 கோடையில் நானே நாலு அங்குலம் சரளை கொட்டி சிமென்ட் கற்கள் பதித்தேன். களிமண் நிலம். முதல் குளிர்காலம் தாங்கியது. இரண்டாவதில் மண் உறைந்து தூக்கியதில் நடுக்கல் ஒரு கட்டைவிரல் உயரம் எழும்பிவிட்டது. ஏப்ரலில் பனி கரைந்தால் சுற்றிலும் தண்ணீர் தேங்குகிறது. அம்மாவின் நாற்காலிக்கு நாலு காலும் ஒன்றாகத் தரையில் பட்டதே இல்லை.

இரண்டு பேரிடம் விலை கேட்டேன். மரவேலைக்காரர் டெக் என்கிறார், கல் பதிப்பவர் கல் என்கிறார். வேறென்ன சொல்வார்கள்!

60 செ.மீ.க்கு மேல் போவதால் டெக்குக்கு அனுமதி, கைப்பிடி எல்லாம் வேண்டும். தூண்களையும் உறைபனி எட்டாத 4 அடி ஆழத்தில் ஊன்ற வேண்டும். அது கூடப் பரவாயில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை சாயம் பூசுவதும், அடியில் ரக்கூன் என்ற காட்டு விலங்கு குடியேறுவதும்தான் யோசிக்க வைக்கிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, கதவு மட்டத்திலேயே தளம் இருந்தால் அவருக்குச் சுகம்.

களிமண்ணில் ஆழமாகச் சரளை போட்டுப் பதித்த கல், நாலைந்து குளிர்காலத்துக்கு அப்புறமும் உங்கள் வீட்டில் அசையாமல் இருக்கிறதா? இல்லையென்றால் டெக்குக்கே போய்விடுகிறேன்.