ஐரோப்பிய நாடுகளை சோசலிச நாடுகள் என்று சொல்வது சரியா?

மாலைநேரம்:
எங்கள் அலுவலகத்தில் டென்மார்க், ஸ்வீடன் பேச்சு வந்தாலே "அதெல்லாம் சோசலிச நாடுப்பா, எல்லாம் இலவசம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இடிக்கிறது. டென்மார்க்கின் லெகோ பொம்மைக் கம்பெனியும் ஸ்வீடனில் பிறந்த ஐக்கியா மரச்சாமான் கம்பெனியும் தனியார் கம்பெனிகள்தானே, அப்புறம் எப்படி?

வடகடல்:
டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் எட்டு வருடமாக இருக்கிறேன். மஞ்சள் மருத்துவ அட்டையைக் காட்டினால் குடும்ப டாக்டரிடம் காசு கிடையாது, ஆனால் பல்வலி என்று போனால் பெரும்பகுதி நம் கையிலிருந்துதான். பால் வாங்கினாலும் 25% வரி, ஏழைக்கும் அதே 25தான். குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டமே இல்லை. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள், அந்த வழக்கத்துக்கு அடித்தளம் 1899 செப்டம்பர் ஒப்பந்தம். 2015-ல் அன்றைய பிரதமர் ராஸ்முசன் ஹார்வர்டில் பேசும்போது, டென்மார்க் சந்தைப் பொருளாதார நாடு என்று பளிச்சென்று சொன்னார்.

செங்கல்சூளை:
ஆலை யாருடையது என்று கேளுங்கள், அது போதும். வரி வாங்கிப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தினால் அது மக்கள்நல அரசு, சோசலிசம் வேறு. கிழக்கு ஜெர்மனியில் ஆலைகள் அரசு கையில் இருந்தன, அதைச் சோசலிசம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஸ்வீடன் ஒருமுறை அந்தப் பக்கம் நகரப் பார்த்தது. பெரிய கம்பெனிகளின் லாபத்தில் 20 சதவீதத்தை வருடாவருடம் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்கு மாற்ற வேண்டும் என்று 1970-களில் தொழிற்சங்கப் பொருளாதார அறிஞர் ருடால்ஃப் மெய்ட்னர் திட்டம் போட்டார். அப்படியே போயிருந்தால் கம்பெனிகள் மெல்ல மெல்லத் தொழிலாளர் கைக்கு வந்திருக்கும். முதலாளிகள் விடுவார்களா? 1983 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் பெரிய பேரணியே நடத்தினார்கள். நீர்த்துப்போன வடிவில் வந்த சட்டத்தையும் 1991-ல் வந்த வலதுசாரி அரசு எடுத்துவிட்டது. அது போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

உப்புக்காற்று:
நார்வேயை விட்டுவிட்டீர்களே. எக்வினார் எண்ணெய்க் கம்பெனியில் 67% அரசுப் பங்கு. இது எந்தக் கணக்கில் சேரும்?

செங்கல்சூளை:
நல்ல கேள்வி. ஆனால் அந்த எண்ணெய்க் காசு சேரும் நிதி, வெளிநாட்டுத் தனியார் கம்பெனிகளின் பங்குகளைத்தானே வாங்கிக் குவிக்கிறது? அரசே பெரிய பங்குதாரராக இருக்கும் முதலாளித்துவம் என்றுதான் நான் சொல்வேன்.

மாலைநேரம்:
சரி, புரிகிறது. மெய்ட்னர் கதை எனக்குப் புதுசு, நாளைக்கு அலுவலகத்தில் அதிலிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்.