உதைபந்தில் நிறத்தையும் இனத்தையும் சொல்லி ஏசினால் என்ன தண்டனை? கண்டதை எழுதுங்கள்

வாவிக்கரை:
எட்டு ஒன்பது வருடம் இருக்கும். மட்டக்களப்பில் ஒரு கழகத்தின் சுற்றுப்போட்டி, அரையிறுதி, நான் லைன்ஸ்மேன். வலப்பக்கம் விளையாடின பெடியன் நல்ல கறுப்பு. அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் குரங்குச் சத்தம், நடுநடுவே 'காப்பிலி' (கறுப்பானவர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை) என்று கத்தல், கச்சான் கோதும் வந்து விழுந்தது. இரண்டாம் பாதியில் த்ரோ எடுக்க வந்தவன் பந்தை எறியவில்லை. கக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தான். கூட்டத்தை இல்லை, என்னை. கொடி என் கையில்தான் இருந்தது, நான் குனிந்து புல்லைப் பார்த்தேன். நேரம் கடத்துகிறான் என்று நடுவர் அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

உலக உதைபந்துச் சம்மேளனமான பீபாவின் மூன்று படி முறை எனக்குத் தெரியாததில்லை. முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, அடங்காவிட்டால் இரண்டு அணியையும் உள்ளே அனுப்பிக் கொஞ்ச நேரம் இடைநிறுத்தம், அதற்குப் பிறகும் நடந்தால் ஆட்டத்தையே கைவிடுவது. பயிற்சி வகுப்பில் கொப்பியில் எழுதி வைத்த ஆள் நான்.

சந்தாங்கேணிப் பக்கம்:
என்னுடையது மறுபக்கத்துக் கதை, ஏசினவன் நான்தான். இருபது வயது. கோர்ணர் உதைக்கு நிற்கிறோம், என்னோடு ஒட்டி நிற்பவன் வேறு ஆக்கள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவனுடைய ஆட்களைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன், இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவன் திரும்பி நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அடிக்கவில்லை, தள்ளினான். நான் விழுந்தேன், தேவைக்கு அதிகமாகவே விழுந்தேன். அவனுக்குச் சிவப்பு அட்டை, எனக்குத் தண்ணீர்ப் போத்தல். "நல்ல வேல தம்பி" என்றார் எங்கள் கோச்.

2021இல் ரேஞ்சர்ஸும் ஸ்லாவியா பிராக்கும் ஆடினபோது ஸ்லாவியாவின் குடேலா வாயைக் கையால் மூடிக்கொண்டு ரேஞ்சர்ஸின் கறுப்பு வீரர் கிளென் கமாராவின் காதுக்குள் ஏதோ சொன்னதை வாப்பாவோடு இருந்து பார்த்தேன். இனத்தைச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார், ஆனாலும் ஐரோப்பிய உதைபந்துச் சம்மேளனமான யூயேபா 10 ஆட்டம் தடை போட்டது, யூரோ கிண்ணப் போட்டியும் போச்சு. கமாராவுக்கும் 3 ஆட்டம், ஆட்டத்துக்குப் பிறகு குடேலாவை அடித்ததாகச் சொல்லி. வாப்பா "என்னடா சொன்னான் அவன்?" என்று கேட்கிறார், நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

எருவில்காரன்:
வாவிக்கரை அண்ணன் குறை நினைக்க வேண்டாம், லைன்ஸ்மேனால் ஆட்டத்தை நிறுத்த முடியாது, நடுவரிடம் சொல்லத்தான் முடியும். அதைக்கூட நீங்கள் செய்யவில்லை என்பது வேறு கதை. சந்தாங்கேணித் தம்பி மனம் திறந்து எழுதியது நல்லது, ஆனால் தள்ளப்பட்டவன் இதை வாசித்தால் என்ன நினைப்பான் என்று யோசியுங்கள்.

தண்டப்பணம் எல்லாம் கண்துடைப்பு. 2012 யூரோ கிண்ணப் போட்டியில் இத்தாலியின் கறுப்பு வீரர் பலொடெல்லியை இழிவுபடுத்திக் கத்தின ரசிகர்களுக்காகக் குரோஷியாவுக்கு 80,000 யூரோ. அதே போட்டியில் டென்மார்க்கின் பென்ட்னர் கோல் அடித்துவிட்டுப் பந்தயக் கம்பனியின் பெயர் போட்ட உள்ளாடையைக் காட்டினார், அவருக்கு 100,000 யூரோவும் ஒரு ஆட்டத் தடையும்! உள்ளாடைக்கு விலை கூட. 2019இல் சோபியாவில் பல்கேரியா - இங்கிலாந்து ஆட்டம் இரண்டு தடவை நின்றது. பல்கேரியாவுக்கு 75,000 யூரோவும், ரசிகர் இல்லாமல் இரண்டு ஆட்டமும், அதிலும் ஒன்று ஒத்திவைத்த தண்டனை. இப்படிப் போட்டால் எவன் பயப்படுவான்? புள்ளியை வெட்ட வேண்டும், கிண்ணப் போட்டி என்றால் அணியை வெளியே போட வேண்டும்.

நம் ஊர்ப் போட்டி நடத்துகிறவர்களும் கொஞ்சம் கேளுங்கள். விதித்தாளில் இதைத் தனியாக எழுதி இரண்டு அணித் தலைவரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். முறைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள், விசாரிக்கிற மூன்று பேரில் ஒருவராவது வெளியூர் ஆளாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாம் மச்சான், மாமன் என்று போய்விடும். கத்தினவனின் முகத்தைப் போனில் எடுத்து வையுங்கள். அப்புறம் அந்த மைக் பிடிக்கிற ஆள், அரைவாசி வம்பு அவருடைய பகிடியில்தான் தொடங்குகிறது, அவருக்கும் ஒரு எச்சரிக்கை கொடுங்கள். வெபர் அடிகளார் அமெரிக்காவிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கினார் என்று மைதானத்துக்கு அவர் பேரை வைத்திருக்கிற ஊர் இது, வந்த ஆளை நிறம் பார்த்தா ஏற்றுக்கொண்டோம்?

என் அனுபவமா? என் தம்பியை ஒருநாள் அப்படிச் சொன்னார்கள். அவன் பூட்ஸைக் கழுவிக் காயவைத்தான், பிறகு போடவே இல்லை.

திருக்கோவில் அக்கா:
நான் மைதானத்துக்குப் போகிற ஆள் இல்லை, எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ரியல் மட்ரிட் ஆட்டம். என் கணவர் பார்சிலோனாப் பக்கம். ரியலின் கறுப்பு வீரர் வினிசியஸ் விழுந்ததும் "அந்தக் காப்பிலி நடிக்கிறான்" என்றார். எங்கள் மூத்தவனுக்குப் பதினொரு வயது. டிவி வெளிச்சத்தில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாடசாலையில் அவனுக்கு அதே பேர் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2023இல் வலன்சியா மைதானத்தில் வினிசியஸை ஏசின மூன்று பேருக்கு அடுத்த வருடம் 8 மாதச் சிறை என்று செய்தி வந்தபோது "நல்லா வேணும்" என்றவரும் இவர்தான். எந்தப் புள்ளியை வெட்டுவது எருவில் தம்பி?

எருவில்காரன்:
அக்கா, ஸ்பெயினில் முதல் குற்றத்துக்கு இரண்டு வருடத்துக்குக் குறைந்த தண்டனை என்றால் சாதாரணமாக உள்ளே போவதில்லை. உண்மையாக உறைத்தது 2 வருட மைதானத் தடையாகத்தான் இருக்கும். கத்தினார்கள் என்று ஒரு பக்க ஸ்டாண்டை 5 ஆட்டத்துக்கு மூடச் சொல்லி, பிறகு 3 ஆக்கினார்கள். அன்றைக்குச் சிவப்பு அட்டை வாங்கினதும் வினிசியஸ்தான், பிறகுதான் ரத்துச் செய்தார்கள். வாவிக்கரை அண்ணனின் மஞ்சள் அட்டையை ரத்துச் செய்யத்தான் ஆள் இல்லை.

நாவலடிக் காத்து:
எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். நாங்கள் ஒரு தடவை மைதானத்தை விட்டே வெளியேறினோம். சுனாமிக்குப் பிறகு சில வருடம், எங்கள் பின்வரிசைப் பெடியனை அவன் சாதியைச் சொல்லி ஏசினார்கள் (இதையும் இந்தத் தலைப்பில் சேருங்கள், நிறம் மட்டும் இல்லை). கப்டன் கைப்பட்டியைக் கழற்றினார், பின்னால் எல்லாரும் போனோம். கிண்ணம் மற்றப் பக்கத்துக்குப் போனது, ரன்னர்ஸ்-அப் காசுகூடத் தரவில்லை.

2020இல் பாரிஸில் நான்காவது நடுவரே இஸ்தான்புல் அணியின் உதவிக் கோச் வெபோவை நிறத்தை வைத்துக் குறிப்பிட்டார் என்று அந்த அணி வீரர் டெம்பா பா எழும்பிக் கேட்டாரே, அன்றைக்கு எதிரணியான பாரிஸின் பிஎஸ்ஜியும் சேர்ந்து வெளியேறியது. மறுநாள் வேறு நடுவர்களோடு விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். எங்களோடு யாரும் வரவில்லை. எதிரணியின் கோல் காப்பாளன் மட்டும் ஓடி வந்தான். வந்து கோடு வரைக்கும் நின்றான். கோட்டைத் தாண்டவில்லை. ஏசினவனின் முகம் மறந்துவிட்டது, இவன் முகம் மறக்கவில்லை.

வாவிக்கரை:
எருவில்காரன், சரி. சொல்லத்தான் முடியும், சொல்லவில்லை, அதைத்தானே நானும் எழுதினேன்.

அந்தப் பெடியன் இப்போது ஆட்டோ ஓடுகிறான். போன மாதம் தெரியாமல் ஏறிவிட்டேன். கண்ணாடியில் பார்த்து "நீங்க லைன் பாத்த ஆள்தானே" என்றான். ஓம் என்றேன். கல்லடிப் பாலம் தாண்டும் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. இறங்கும்போது மிச்சக் காசை எண்ணித் தந்தான், சரியாக இருந்தது.