மணலில் விழுந்து 3 வாரமாகியும் ஆறாத மணிக்கட்டு வலி: வயதுதான் காரணமா?

கேள்வி: சாயல்குடிக்காரன்

எனக்கு 46 வயது. வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்து மணல் பாதைகளில், முதலில் பழைய ஆர்.எக்ஸ். 100 வண்டியிலும் இப்போது எக்ஸ்பல்ஸ் 200 வண்டியிலுமாகப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 3 வாரங்களுக்கு முன்பு முன்சக்கரம் மணலில் புதைந்து, வண்டி என்னை முன்னால் தூக்கியெறிந்தபோது, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். அன்றே எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது, ஆனாலும் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் பெருவிரலின் அடியில் வலிக்கிறது. 2009-இல் முறிந்த காறை எலும்பும் (கழுத்தடியிலிருந்து தோள்வரை செல்வது) காலையில் எழும்போது இறுக்கமாக இருக்கிறது. 30 வயதில் இப்படி விழுந்தால் பத்து நாளில் மறந்துவிடுவேன். இனி இப்படித்தானா?

பதில்: தேவிபட்டினம் பிசியோ

அண்ணா, வயதைக் காரணம் சொல்வதற்கு முன்பு மணிக்கட்டை மறுபடியும் காட்டிவிடுங்கள். பெருவிரலை மேலே விறைத்துப் பிடித்தால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், அடியிலுள்ள ஸ்கேபாய்டு என்ற, படகு போன்ற வடிவமுள்ள சிறிய எலும்பில் விரிசல் இருக்கலாம். கையூன்றி விழுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. அதனால்தான் 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுபடியும் படம் எடுக்கிறார்கள். ஐயம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்தில் நுழைந்து முன்கையை நோக்கிப் பின்னோக்கிப் பாய்வதால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றி உயிரிழந்து, சில ஆண்டுகளில் மணிக்கட்டே தேய்ந்துபோகக்கூடும். புகைப்பழக்கம் இருந்தால் எலும்பு கூடுவது இன்னும் தாமதமாகும்.

வயதுக்கும் பங்கு இருக்கிறது. 30-க்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறைகிறது. மூட்டைத் தாங்கவேண்டிய தசை தளர்ந்தால் பழைய காயத்தின் மேல் சுமை கூடுகிறது. உங்கள் தோளுக்குப் படிப்படியான பயிற்சி உதவும். மணிக்கட்டின் நிலை தெரியும்வரை கைக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

பதில்: மண்டபம் 58

தம்பி, நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். மணலில் வண்டி சாயும்போது காலை ஊன்றியதால் என் முழங்கால் சவ்வு கிழிந்தது. நடக்க முடிகிறதே என்று 15 ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். அதற்குள் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இன்று மாடிப்படி இறங்குவதுதான் எனக்குப் பெரிய வேலை. இடைப்பட்ட காலமெல்லாம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையில் ஓட்டினேன். நம் ஊர் வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர் கண்டித்த பிறகே நிறுத்தினேன். வண்டியை மட்டும் விடவில்லை: டயரில் காற்றைக் குறைத்து, முழங்கால் கவசம் அணிந்து, நின்றபடி ஓட்டுகிறேன், களைத்தால் அன்றைக்கு அத்துடன் சரி.

பதில்: தொண்டிக் கடலோரம்

யாராவது எலும்புக் கட்டுப் போடச் சொன்னால், படம் பார்க்காமல் போடாதீர்கள். என் அண்ணனுக்கு இறுக்கிக் கட்டியதில் விரல்கள் மரத்து நீலம் பாய்ந்தன. அன்றிரவே கட்டை அவிழ்த்ததால்தான் கை தப்பியது.

சாயல்குடிக்காரன்

அந்தக் குழியை அழுத்திப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. நாளைக் காலை ராமநாதபுரத்தில் எலும்பு மருத்துவரைப் பார்க்கிறேன். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். மண்டபம் அண்ணா, மாத்திரை நானும் தினம் ஒன்று போட்டு வந்தேன். அதையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.