மறு: ‘பிரைட்னிங் சீரம்’ என்பதற்கு ‘நிறந்தேற்றி’

கலைச்சொற் குழுவிலுள்ள எல்லோருக்கும் வணக்கம்.

முகத்தில் பூசுகிற ‘பிரைட்னிங் சீரம்’ என்பதற்குத் தமிழில் ‘வெண்மையாக்கி’யா ‘பொலிவூட்டி’யா என்று மூன்று நாளாக ஓடுகிற இழையில் நானும் ஒரு சொல் வைக்கிறேன். கல்முனையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக நிற்கிறேன். இந்தப் போத்தல்களைத் தினமும் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தை வாசித்துச் சொல்லுவது என் வேலை. அதனால் பெயரையும் பின்பக்கத்திலிருந்தே தேட வேண்டும் என்பது என் எண்ணம். உள்ளே இருக்கிற சேர்மானம் என்ன செய்கிறதோ அதைத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

‘வெண்மையாக்கி’ முதலில் அங்கேயே அடிபடுகிறது. நல்ல சீரம் ஒன்றில் இருப்பவை நைசினமைட், அல்பா ஆர்பியூட்டின், கோஜிக் அமிலம், விற்றமின் சி போன்றவை. இவற்றில் எதுவும் தோலை வெள்ளையாக்குவதில்லை. தோலின் நிறப்பொருளான மெலனினை உண்டாக்கத் தைரோசினேசு என்ற நொதியம் வேண்டும். அந்த நொதியத்தின் நடுவில் செம்பு இருக்கிறது. கோஜிக் அமிலம் அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்ள, நொதியத்தின் வேலை மந்தமாகிறது. வெயிலாலும் பருத் தழும்பாலும் மேலதிகமாகப் படிந்த கருமை மெல்ல மெல்லக் குறைகிறது. பிறந்த நிறம் அப்படியே இருக்கும். அதுவும் எட்டு, பன்னிரண்டு கிழமை பூசி, வெயிலுக்குச் சன்ஸ்கிரீனும் போட்டால்தான்.

உடனடியாக வெள்ளையாக்குவதும் உண்டு. சிஐ 77891 என்ற சாய எண் சேர்மானப் பட்டியலில் இருந்தால் அது தைத்தேனியம் ஈரொட்சைட்டு, வெள்ளைச் சாயம். முகம் கழுவினால் அதுவும் போய்விடும்.

போன கிழமை பாண்டிருப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். “புள்ள, மகளுக்குக் கலியாணம் வருகுது. வெள்ளையாகிறதுக்கு நல்ல சீரம் ஒண்டு தாங்க.” மகளும் பக்கத்தில் நின்றாள். இரண்டு கன்னத்திலும் தோல் மெலிந்து, நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது. இதுவரை என்ன பூசினீர்கள் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பா வந்தது. மூடியில் ஒரு பூப்படம். சேர்மானப் பட்டியல் இல்லை, செய்தவர் பெயர் இல்லை, காலாவதித் திகதி இல்லை. அப்படிப்பட்ட டப்பாக்களில் தோலை மெலியவைக்கிற குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரோயிட்டும் இருக்கலாம், இரசமும் (பாதரசம்) இருக்கலாம். இரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். முகப்பூச்சுகளில் இரசத்தை ஒழிக்கவென்றே 2013 இன் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையில் தனி ஏற்பாடு இருக்கிறது. ஐதரோகுயினோன் என்ற வெளுக்கும் மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2001 இலேயே தோல் வெளுக்கும் பூச்சுகளிலிருந்து நீக்கிவிட்டது. பிள்ளையை நேரே தோல் கிளினிக்குக்கு அனுப்பினேன். அந்த டப்பாவை வாங்கவைத்தது ‘வெள்ளை’ என்ற ஒரு சொல். நாமும் அதே சொல்லைக் கலைச்சொல்லாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆங்கிலத்திலும் அந்தமாதிரிச் சொற்களைக் கைவிட்டு வருகிறார்கள். ஃபெயார் அன்ட் லவ்லி 2020 இல் குளோ அன்ட் லவ்லி ஆனது உங்களுக்குத் தெரியும்.

‘பொலிவூட்டி’ அழகான சொல்தான். ஆனால் தேங்காயெண்ணெய் பூசினாலும் முகம் பொலியும், மைக்கா மினுக்கம் சேர்த்த கிறீமும் பொலிவூட்டும். நைசினமைட்டை மைக்காவிலிருந்து பிரித்துக் காட்டாத சொல் எனக்குப் போதாது.

என் முன்மொழிவு ‘நிறந்தேற்றி’. கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடுவார்களே, அந்தத் தேற்றுதல். கொட்டை தண்ணீருக்கு நிறம் கொடுப்பதில்லை. கலங்கல் அடியில் இறங்க, தண்ணீர் தன் சொந்தத் தெளிவுக்கு வருகிறது. சீரமும் தோலில் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி என்றால், நிறத்தைத் தேற்றுவது நிறந்தேற்றி. புணர்ச்சியிலும் இடறல் இல்லை.

‘சீரம்’ அப்படியே இருக்கட்டும். ‘நீர்ப்பாயம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது குருதிக்கு உரிய சொல். முகத்தில் பூசுவதற்கு அதை வைத்தால் ஊசிமருந்தென்று நினைப்பார்கள்.

இன்னொரு சொல்லும் வேண்டும்: ‘ஒரு வீதக் கோடு’. சேர்மானங்களை நிறையின் இறங்குவரிசையில் எழுதுவார்கள். நூற்றுக்கு ஒன்று, அதாவது 1 வீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று போத்தலில் எழுதியிருக்காது. பீனொக்சிஎதனோல் என்ற பழுதுகாப்பானைத் தேடுங்கள். ஐரோப்பிய விதிப்படி அது 1 வீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே அந்த விதிப்படி செய்த போத்தலில் அதற்குப் பின்னால் வருவது எதுவும் 1 வீதத்துக்கு மேல் இராது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நைசினமைட், பின்பக்கத்தில் அது பீனொக்சிஎதனோலுக்கும் கீழே என்றால், அந்தப் போத்தலை நான் திரும்பத் தட்டில் வைத்துவிடுவேன். ஆய்வுகளில் பலன் காட்டிய அளவு 2 முதல் 5 வீதம்.

அன்புடன்,
கல்முனையிலிருந்து

*

மட்டக்களப்பிலிருந்து மறுமொழி:

தங்கச்சி, ஒரு வீதக் கோட்டை நான் இப்போதே ஏற்றுக்கொள்கிறேன். நிறந்தேற்றியில் எனக்கு ஒரு தயக்கம். உயர்தர வகுப்பில் இரசாயனம் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகளுக்குத் தேற்றுதல் என்றால் அழுகிறவரைத் தேற்றுவதுதான். தேற்றாங்கொட்டையைக் கண்ட பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. பாடநூலில் ‘நிரோதி’, அதாவது தடுப்பது என்ற சொல் இருக்கிறது, தைரோசினேசு நிரோதி என்று அவர்களே சொல்லுவார்கள். சீரத்தையும் ‘கருமை நிரோதி’ என்றால் படித்ததோடு ஒட்டிப் போகாதா?

*

கல்முனையிலிருந்து:

சேர், நிரோதி கோஜிக் அமிலத்துக்கும் ஆர்பியூட்டினுக்கும் சரியாகப் பொருந்தும். நைசினமைட்டில்தான் இடிக்கிறது. அது நொதியத்தைத் தடுப்பதில்லை. மெலனின் உண்டாகத்தான் செய்யும், உண்டான மெலனின் பொதிகள் மேல்தோல் கலங்களுக்குப் போய்ச் சேருவதைத்தான் அது குறைக்கிறது. விற்றமின் சியின் பாதை இன்னும் வேறு. ஆகவே பாடநூலுக்கும் சேர்மான வகைக்கும் நீங்கள் சொன்ன நிரோதியே இருக்கட்டும். முழுப் போத்தலுக்கு, எல்லா வழியையும் அடக்குகிற ஒரு பெயர் வேண்டும்.

அழுகிறவரைத் தேற்றுவதும் அதே வினைதான், சேர். கலங்கிய மனம் தெளிவதால்தான் அதைத் தேற்றுதல் என்கிறோம். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கமிருந்தே விளக்கலாம்.

நேற்று ஒரு கடதாசித் துண்டில் ‘நிறந்தேற்றி’ என்று எழுதி எங்கள் தட்டின் விளிம்பில் ஒட்டினேன். வயலால் வந்த ஒரு அக்கா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “இதென்னகா, தேத்தாங்கொட்டைபோலயா?” என்று கேட்டார். ஓம் என்றேன். “அப்ப வெள்ளையாக்காது. வெயிலில கறுத்தது போகுமா?” என்றார்.

போகும், மூன்று மாதம் செல்லும் என்றேன். ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.