1956-ஆ, 1971-ஆ? எந்த செட்டைத் தொடங்கலாம்?

வணக்கம். பழைய பேஸ்பால் கார்டுகளில் (ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள்) ஏதாவது ஒரு வருடத்து முழு செட்டையாவது சேர்த்துவிட ஆசை. டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட செட்டுகளைத்தான் பார்க்கிறேன். 1952 டாப்ஸ் பக்கம் தலைவைக்கப் போவதில்லை. அதன் 311-ஆம் எண் கார்டு, நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலுடையது, ஒன்றே என் வீட்டை எழுதி வாங்கிவிடும்.

1971 டாப்ஸ் நான் பிறந்த வருடத்து செட். ஆனால் 752 கார்டுகள், 644-ஆம் எண்ணிலிருந்து கிடைப்பதும் கஷ்டம். அதைவிடத் தொல்லை கறுப்பு ஓரம். நகம் பட்டாலே விளிம்பில் வெள்ளை தெரிகிறது. நான் வாங்கிய ஒன்றில் யாரோ மார்க்கர் பேனாவால் பூசி மறைத்திருக்கிறார்கள். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தபோதுதான் மினுமினுப்பு காட்டிக்கொடுத்தது!

1956 டாப்ஸில் 340தான். படுக்கைவாட்டு கார்டு, பெரிய முகம், அதன் பின்னணியில் ஆட்டக் காட்சி. போதாததற்கு, ஜாக்கி ராபின்சன் கடைசியாக ஆடிய வருடமும் அதுதான். கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் மேன்டில், வில்லி மேஸ், கிளமென்டே என்று பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இருப்பதால் விலை கடிக்கிறது.

செட்டை முடித்தவர்கள் சொல்லுங்களேன்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? பிறந்த வருடமா, அழகா, பிடித்த ஆட்டக்காரரா? முனை மழுங்கிய, மடிப்பு விழுந்த கார்டுகளாகவே 1956-ஐச் சேர்த்தவர் யாராவது உண்டா? அப்புறம், பெரிய பெயர்களை முதலில் வாங்குவதா, கடைசியிலா?