மறு: கழுத்தைத் திருப்பினால் மாறும் காதிரைச்சல் – என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். வெளியே ஒலி இல்லாமலே காதில் கேட்கும் சத்தம் காதிரைச்சல் (tinnitus). தாடை, கழுத்தை அசைத்தால் அது மாறுவதற்கு (somatic modulation, somatic tinnitus) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்பதே இந்த இழையின் கேள்வி. ஐயா ஒருவர் முன்வைத்தது:

> மெய்யுணர்வுக் காதிரைச்சல் என்றே இருக்கட்டும். மெய் என்றால் உடம்பு, ஐம்பொறிகளில் முதலாவது.

ஐயா சொல்லும் பொருள் சரிதான். ஆனால் இந்தச் சொல் போய்ச் சேரப்போவது நோயாளியிடம். காதிரைச்சல் உள்ளவர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் ஓயாமல் கேட்கும் பேச்சு, "எல்லாம் உன் பிரமை" என்பதுதான். அவர்களில் ஒரு சாராருக்கு மட்டும் 'மெய்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், மற்றவர்களுக்குக் கேட்பது பொய்யா? இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை ஏற்க மாட்டேன்.

இழையில் வந்த மற்ற சொற்களும் பொருந்தவில்லை. 'உடலியல்' (somatic என்பதற்கு) வேறொரு துறையின் பெயராக நிலைத்துவிட்டது. 'பண்பேற்றம்' (modulation என்பதற்கு) வானொலி அலைக்கு உரியது; பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்த எவருக்கும் ஊர்தி அலைதான் நினைவுக்கு வரும்.

பெயருக்கு முன் நிகழ்வைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கல் அறுக்கும் மெஷினை ஒட்டியே காலம் தள்ளியவர்கள் என்னிடம் செவிச் சோதனைக்கு வருவதுண்டு. "காதுல சில்வண்டு கத்துதுங்க" என்பார்கள். அப்படி வந்த ஒருவரைப் பல்லை இறுகக் கடிக்கச் சொன்னேன். வாய் திறக்க முடியாததால், சத்தம் ஏறுவதை ஆள்காட்டி விரலை உயர்த்தியே காட்டினார். தலையை இடப்பக்கம் சாய்க்கச் சொல்லி என் உள்ளங்கையால் எதிர்த்து அழுத்தினேன். விரல் மெல்லக் கீழே இறங்கியது. "கம்மியாவுதுங்க" என்றார். அதுவரை யாரும் அவரை இப்படிச் செய்யச் சொன்னதில்லை.

இது அபூர்வமன்று. காதிரைச்சல் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குத் தாடை, கழுத்து அசைவால் சத்தம் கூடவோ குறையவோ செய்கிறது. செவி நரம்புக் கட்டியை அறுவை செய்துகொண்ட சிலருக்குக் கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாலே மாறும். பேரிரைச்சலில் உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் அங்கிருந்து மூளைக்குப் போகும் சமிக்ஞை குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. மூளைத்தண்டில் செவி நரம்பு முதலில் போய்ச் சேரும் இடத்துக்கே முகம், தாடைக்கான முக்கிளை நரம்பின் சேதியும் மேல்கழுத்து நரம்புகளின் சேதியும் வருகின்றன. காதின் சேதி குறைந்த இடத்தில் இவற்றின் செல்வாக்கு ஓங்குகிறது. ஆய்வாளர் ராபர்ட் லெவின் 1999இல் முன்வைத்த கருதுகோள் இந்த இடத்தை வைத்துத்தான். அதற்கு முந்தைய ஆண்டே ஆலன் லாக்வுட் குழுவினர், முக, வாய் அசைவால் சத்தத்தை மாற்ற முடிந்தவர்களின் மூளையைப் படமெடுத்து, செவிப்புலப் பகுதியின் இரத்த ஓட்டமும் கூடவே மாறுவதைக் காட்டினார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷோர் குழு ஒலியையும் தோல்மீது மென்மின் தூண்டலையும் நேரம் பார்த்து இணைத்துக் கொடுக்கும் முறையை 2018இல் 20 பேரிடமும், பிறகு 99 பேரிடமும் (2023இல் வெளியானது) சோதித்தது. சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் அசைவால் சத்தம் மாறுபவர்களே. நாளை இப்படியொரு சிகிச்சை தருமபுரிக்கும் வந்து சேர்ந்தால், யாருக்குப் பொருந்தும் என்று பிரிக்கும் முதல் கேள்வியே "பல்லைக் கடித்தால் மாறுகிறதா?" என்பதாக இருக்கும். அதைக் கேட்க ஒரு பெயர் வேண்டும்.

இங்கே இரண்டு கருத்துகள் உள்ளன. நம் இழையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். அசைத்தால் சத்தம் மாறுவது ஒன்று. கழுத்து, தாடைக் கோளாறே காதிரைச்சலைக் கிளப்புவது அல்லது பெருக்குவது மற்றொன்று. முன்னது இருப்பதாலேயே பின்னது இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது.

முன்னதற்கு என் பரிந்துரை அசைவுத் திரிபு. தோன்றல், திரிதல், கெடுதல் என்று இலக்கணத்தில் விகாரம் மூன்று. அசைவால் இரைச்சலும் இம்மூன்றையும் செய்கிறது: சிலருக்குப் புதிதாகத் தோன்றும், பலருக்கு அளவோ சுருதியோ திரியும், சிலருக்கு அந்தக் கணம் அடங்கிவிடும். 'விகாரம்' பேச்சுவழக்கில் அருவருப்பைக் குறிப்பதால் அதை விட்டேன். பின்னதற்கு கழுத்து-தாடைசார் காதிரைச்சல். நீளம்தான், ஆனால் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

– கிருஷ்ணகிரியிலிருந்து

---

> அசைவுத் திரிபு

அண்ணா, நான் தருமபுரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். அசையாமல் வெறுமனே நெற்றிப்பொட்டையோ கழுத்துத் தசையையோ அமுக்கினாலும் சிலருக்குச் சத்தம் மாறுகிறதே. 'தசைத் திரிபு' என்றால் அதுவும் அடங்கிவிடுமே?

---

தங்கச்சி, அழுத்தமும் அடங்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் 'தசை' வேண்டாம். நடுச்செவித் தசை துடித்து, அந்தத் துடிப்பே சத்தமாகக் கேட்கும் வகை தனியாக உண்டு. சில நேரம் பரிசோதிப்பவருக்கும் கேட்கும். இரண்டும் கலந்துவிடும். சொல்லை அப்படியே வைத்து, விளக்கத்தை விரிக்கிறேன். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்:

அசைவுத் திரிபு (பெ.) – தாடை, கழுத்து, கண் ஆகியவற்றை அசைப்பதாலோ, தலை, கழுத்துத் தசைகளை இறுக்குவதாலோ அழுத்துவதாலோ காதிரைச்சல் தோன்றுதல், அளவு அல்லது சுருதி மாறுதல், அடங்குதல்.